குளிர்சாதனம் நின்றுபோனால்: முதலில் நோயாளி, பிறகு இயந்திரம்

சென்ற கோடையில் கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஓரிரவில், அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் அடுத்தடுத்து எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டனர். முதலில் வந்தவர் மகன். அவருடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆள்காட்டி விரலின் நுனியில் பயறளவு கருகிய புள்ளி ஒன்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்தவர் தந்தை. பக்கவாதத்திற்குச் சிகிச்சை முடித்து மூன்று வாரங்களுக்கு முன்புதான் எங்களிடமிருந்து வீடு திரும்பியவர். அழைத்தால் கண்திறக்காத நிலையில், உடல் அனலாகக் கொதிக்க வந்து சேர்ந்தார்.

நடந்தது இதுதான். இரவு எட்டு மணியளவில் தந்தை படுத்திருந்த அறையின் குளிர்சாதனம் குளிர்விப்பதை நிறுத்திக்கொண்டது. மகன் விவசாயி. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கெப்பாசிட்டரைத் தாமே மாற்றிப் பழகியவர். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். ஏணி வைத்துச் சன்ஷேடில் ஏறினார். கைப்பேசியை வாயில் கவ்விக்கொண்டு அதன் வெளிச்சத்தில் வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றினார். கெப்பாசிட்டரின் ஒயரைப் பிடுங்கிய நொடியில் மின்சாரம் தாக்க, கை உதறித் தரையில் விழுந்தார். வீட்டார் அனைவரும் அவரிடம் ஓடினர். ஆம்புலன்ஸ் வந்தது, மனைவியும் தாயும் உடன் சென்றனர். அந்தப் பதற்றத்தில், சன்னல்கள் அடைத்த அறையில், மின்விசிறிகூடச் சுழலாமல், வாய் பேச இயலாத பெரியவர் தனியே கிடந்தார். பக்கத்து வீட்டார் நினைவு வந்து கதவைத் திறந்து பார்த்ததால் பிழைத்தார்.

கையில் கட்டுப் போடப்பட்டுக்கொண்டிருந்தபோது மகன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: “சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் தொட்டேன். அப்புறம் எப்படி சார் அடிக்கும்?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். அக்குடும்பத்தாரின் இசைவோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறோம். எங்கள் மருத்துவமனையில் மின்சாதனங்களைப் பராமரிக்கும் பிரிவினரும் செவிலியரும் சேர்ந்து இதை எழுதியுள்ளோம். பழுதான குளிர்சாதனத்தில் வீட்டார் தாமே செய்யத்தக்கவை நிறைய உண்டு. எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் உண்டு.

முதல் பத்து நிமிடம் நோயாளிக்கு

குளிர்சாதனம் ஆடம்பரம் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதன் வரலாறு வேறு கதை சொல்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்பலாச்சிக்கோலா என்னும் துறைமுக ஊரில் வாழ்ந்த ஜான் கோரி என்ற மருத்துவர், காய்ச்சலில் கிடந்த நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கப் பனிக்கட்டிப் பாத்திரத்தைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார். பனிக்கட்டியோ வடக்கிலிருந்து கப்பலில் வரவேண்டும். நம் சென்னைக் கடற்கரையிலும் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கத்தான். இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்பது அக்கட்டடமே. கப்பலை நம்பியிருக்க விரும்பாத கோரி, பனிக்கட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி 1851இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஒரு காசும் ஈட்டாமல் 1855இல் மறைந்தார். ஆக, நோயாளியின் அறையைக் குளிர்விக்கும் இயந்திரத்தின் தொடக்கக் கதையில் ஒரு மருத்துவர் நிற்கிறார்.

நலமாக உள்ளவருக்கு அறை சூடானால் எழுந்து திண்ணைக்குப் போவார். பக்கவாதத்தில் கிடப்பவர் போகவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். இதய நோய்க்காக நீர் மாத்திரை உண்பவரின் உடலில் ஏற்கெனவே நீர் குறைவு. சில மனநல மருந்துகளும் சிறுநீர்ப்பை மருந்துகளும் வியர்வையைத் தடுப்பவை. முதியோருக்குத் தாக உணர்வே மழுங்கிப்போகும். ஆதலின் இயந்திரம் நின்றவுடன் திருப்புளியைத் தேடாமல், சன்னல்களையும் கதவையும் திறந்து, மின்விசிறியைச் சுழலவிடுங்கள். வெளியே காற்று குளிர்ந்திருந்தால் நோயாளியைக் கூடத்துக்கோ முற்றத்துக்கோ மாற்றுங்கள். கழுத்து, அக்குள், கைகால்கள் ஆகிய இடங்களில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அறையின் வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்துவிட்டால் வெறும் மின்விசிறி பயன்தராது, அனற்காற்றை உடம்பில் வீசும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. அப்போது ஈரத்துணியும் இடமாற்றமுமே கைகொடுக்கும்.

குடிப்பதற்கு நீர் கொடுக்கும்போது இருவகை நோயாளிகளிடம் கவனம் தேவை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும், இதயச் செயலிழப்புக்காக நீர் அளவு குறிக்கப்பட்டவர்களுக்கும் அந்த அளவை நீங்களே உயர்த்த வேண்டா. எங்களை அழைத்துக் கேளுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ள பக்கவாத நோயாளியைப் படுத்த நிலையில் தண்ணீர் குடிக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

நோயாளி பிதற்றினாலோ, அழைத்தால் விழிக்காவிட்டாலோ, உடல் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ அது வெப்பத்தாக்கு. உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடலை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

இன்சுலினை அறைக் குளிரை நம்பி மேசைமேல் வைத்திருப்போர் அதையும் நினைவில் கொள்ளவேண்டும். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பதனப் பெட்டியில் இருக்கவேண்டியது. பயன்பாட்டில் உள்ள குப்பியை 30 டிகிரிக்குள் வைத்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம்வரை கெடா. மின்சாரமும் போய்விட்டால் புதுப் பானையில் ஈரமணல் இட்டு, அதனுள் சிறு மண்கலயம் வைத்து, குப்பியை உறையோடு அதில் வைப்பது நல்ல வழி. ஐஸ் கட்டிமீது நேராக வைத்தால் உறைந்து பாழாகும்.

இயந்திரத்திடம் என்ன கேட்கலாம்

நோயாளி பாதுகாப்பாக இருக்கிறார் என்றால், இப்போது இயந்திரத்திடம் வரலாம். இந்த இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. உள்ளே உள்ள பெட்டி வெப்பத்தை வாங்கும். மெக்கானிக்குகள் ‘அவுட்டோர்’ என்று சொல்லும் வெளிப்பெட்டி அதைக் காற்றில் விடும். இரண்டுக்கும் இடையே செப்புக்குழாயில் குளிர்வாயு சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே காற்றோட்டம் தடைப்பட்டாலோ, வெளியே வெப்பம் வெளியேற இடமில்லாவிட்டாலோ, வேறெந்தக் குறையும் இல்லாமலே இயந்திரம் தோற்றுப்போகும். இதை மனத்தில் கொண்டால் பாதிப் பழுதுகள் புலப்படும்.

ரிமோட்டில் தொடங்குங்கள். பேரப்பிள்ளைகள் அழுத்திப் பனிப்பூக் குறிக்குப் பதிலாக விசிறிக் குறி வந்திருந்தால் காற்று வரும், குளிர் வராது. இதற்காக மெக்கானிக்கை இலுப்பூரிலிருந்து பொன்னமராவதிவரை வரவழைத்துக் கூலி கொடுத்தவர்களை எங்களுக்குத் தெரியும். ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று அறியக் கைப்பேசிக் கேமராவை அதன் முனைக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள்; கண்ணுக்குத் தெரியாத ஒளி பெரும்பாலான கேமராக்களில் ஊதா நிறப் புள்ளியாக மின்னும். மின்னாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள்.

மின்சாரம் போய் வந்தவுடன் இயந்திரம் பேசாமல் இருந்தால் அது பழுதன்று. கம்ப்ரசர் மூச்சுவாங்க ஏறத்தாழ மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஸ்டெபிலைசரும் தன் பங்குக்குச் சிறிது நேரம் தாமதிக்கும். இந்த இடைவெளியில் பொறுமையிழந்து சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுதான் இயந்திரத்தைக் கெடுப்பது. மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில், ஸ்டெபிலைசரின் எண் பலகையைப் பாருங்கள். அழுத்தம் மிகத் தாழ்ந்து ஸ்டெபிலைசர் இணைப்பைத் துண்டித்திருந்தால், பழுது மின்கம்பியில். உங்கள் வீட்டில் இல்லை.

அடுத்தது வடிகட்டி. உள்பெட்டியின் முகப்பைத் தூக்கினால் வலைபோல இருப்பது. நம் மாவட்டத்துச் செம்மண் புழுதியும், கல் உடைக்கும் இடங்களின் மாவு போன்ற தூசும் இந்த வலையை இரண்டே வாரங்களில் போர்வையாக்கிவிடும். காற்று புகாமல் உள்ளேயுள்ள செப்புச் சுருள் அளவுமீறிக் குளிர்ந்து, அதன்மேல் பனி படியும். பனி படியப் படியக் காற்று இன்னும் அடைபடும். இறுதியில் குளிர் நின்று தண்ணீர் சொட்டும். அறந்தாங்கிக் குடும்பத்து இயந்திரத்துக்கு நேர்ந்ததும் இதுவே என்று பின்னர் வந்த மெக்கானிக் கண்டார். கெப்பாசிட்டரில் ஒரு குறையும் இல்லை.

பனி படிந்திருந்தால் கத்தியாலோ கரண்டியாலோ சுரண்டக் கூடாது. சுருளில் ஓட்டை விழும். குளிர்விப்பை நிறுத்தி, விசிறிக் குறியில் சில மணி நேரம் ஓடவிட்டால் உருகிவிடும். வடிகட்டியை, இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கழற்றி, வெறும் தண்ணீரில் பின்புறத்திலிருந்து முன்புறமாகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வெந்நீரும் வெயிலும் அதை நெளியவைக்கும். நுரையீரல் நோயாளியோ ஆஸ்துமா உள்ளவரோ இருக்கும் அறையில் அதை உதறாதீர்கள். அந்தத் தூசு முழுவதும் அவர் மூச்சுக்குத்தான் போகும்.

உள்ளே தண்ணீர் சொட்டினால் வடிகுழாயின் வெளிமுனையைப் பாருங்கள். பாசியோ குளவிக் கூட்டின் மண்ணோ அடைத்திருக்கும். அல்லது யாரோ குழாயை வாளிக்குள் முக்கி வைத்திருப்பார்கள். வெளிப்பெட்டியைத் தரையில் நின்றபடியே கண்ணால் பாருங்கள். அதன்மேல் துணி உலர்த்தியிருக்கிறதா, அருகே வைக்கோலோ கோழிக்கூடையோ மறைக்கிறதா? கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதன் அலுமினியத் தகடுகளை அரித்து உதிர்த்துவிடும். அங்கே வாழ்வோர் மற்றவர்களைவிட அடிக்கடி சர்வீஸ் செய்யவேண்டியிருக்கும். எறும்பும் பல்லியும் வெளிப்பெட்டியின் மின்பலகையில் புகுந்து கருகுவது எங்கும் உள்ளது.

எம்.சி.பி. விழுந்திருந்தால் ஒருமுறை தூக்கிப் போடலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். அது தன் வேலையைச் செய்கிறது. ‘பெரிய எம்.சி.பி. போட்டால் நிற்கும்’ என்று சொல்பவர் உண்டு, அப்போது எம்.சி.பி. நிற்கும், சுவருக்குள் ஒயர் எரியும். பழைய பீங்கான் ஃபியூசில் தடித்த கம்பி கட்டுவதும் இதே வகை. பிளக்கின் முனை பழுப்பேறியிருந்தாலோ, மீன் வாடை போன்ற கருகல் நாற்றம் வந்தாலோ அந்த நொடியே அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள். ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்போர் அதையும் குளிர்சாதனத்தையும் ஒரே பலகையில் மாட்டவேண்டா. ஒன்றின் பழுது மற்றொன்றை நிறுத்திவிடும்.

வீட்டாரின் எல்லை இங்கே முடிகிறது. வடிகட்டியைத் தவிர, திருப்புளி வைத்துத் திறக்கவேண்டிய எதையும் திறக்காதீர்கள்.

அணைத்த பிறகும் அடித்தது எப்படி?

இனி அந்த மகனின் கேள்விக்கு வருவோம். அதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது கெப்பாசிட்டர். கம்ப்ரசரைத் தூண்டிச் சுழலவைக்க மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பாத்திரம் அது. நம் வீட்டு மின்சாரத்தை 230 வோல்ட் என்கிறோம். அதன் அலையின் உச்சியோ 325 வோல்ட்டை ஒட்டியது. கெப்பாசிட்டரில் அதையும் மிஞ்சிய அழுத்தம் ஏறி நிற்கக்கூடும். சுவிட்சை அணைத்தால் புதிதாக மின்சாரம் வருவது நிற்கும். ஏற்கெனவே சேர்ந்தது எங்கே போகும்? பல வேளைகளில் அது கம்ப்ரசரின் சுருள்வழியே தானாக வடிந்துவிடும். ஆனால் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தாலோ, கம்ப்ரசருக்குள் இருக்கும் பாதுகாப்புத் தொடர்பு சூட்டால் திறந்துகொண்டிருந்தாலோ வடிய வழியின்றித் தேங்கி நிற்கும். இந்தக் கருவியின் வஞ்சகம் இதில்தான். பத்துமுறை தொட்டாலும் ஒன்றும் நேராது. பதினோராம் முறை தூக்கி எறியும். ஆழ்துளை மோட்டாரில் பழகிய கைக்கு அந்தப் பத்துமுறைதான் துணிவைக் கொடுத்திருந்தது. இன்வெர்ட்டர் வகை இயந்திரங்களின் மின்பலகையில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர்கள் உள்ளன. அணைத்துப் பல நிமிடங்கள் ஆனாலும் அவை ஆபத்தானவை. தேர்ந்த மெக்கானிக் மீட்டர் வைத்து அளந்து, வடித்துவிட்டு, மறுபடி அளந்த பிறகே தொடுவார்.

இரண்டாவது விடை சுவரில் இருக்கிறது. நம் வீடுகளின் சாதாரணச் சுவிட்ச் இரண்டு கம்பிகளில் ஒன்றைத்தான் துண்டிக்கிறது. ஒயரிங் செய்தவர் தவறுதலாக நியூட்ரல் கம்பியைச் சுவிட்சில் கொடுத்திருந்தால், சுவிட்சை அணைத்ததும் இயந்திரம் நின்றுவிடும்; பேஸ் கம்பியோ இயந்திரத்துக்குள் உயிரோடே இருக்கும். பார்ப்பவர் மின்சாரம் இல்லை என்றே நம்புவார். ஆதலின் வடிகட்டியைக் கழற்றுவதற்குக்கூடச் சுவிட்சை நம்பாமல் பிளக்கைப் பிடுங்குங்கள்; பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால் இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டை எம்.சி.பி.யை இறக்குங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை வீட்டின் மெயினில் பொருத்திக்கொள்வது, நாங்கள் எவருக்கும் தயங்காமல் சொல்லும் அறிவுரை. ஆனால் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்திடமிருந்து அது காப்பாற்றாது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

மின்சாரத்தால் மட்டும் மணிக்கட்டு முறியவில்லை. சன்ஷேடு மழையையும் வெயிலையும் தடுப்பதற்காக வார்க்கப்பட்ட மெல்லிய பலகை. ஆள் நின்று வேலை செய்வதற்கன்று. அந்த மகன் விழுந்தது மண்தரையில். சிமெண்ட் தரையாக இருந்திருந்தால் இக்கட்டுரையை வேறு விதமாக எழுதவேண்டியிருந்திருக்கும். புதிதாக இயந்திரம் பொருத்துவோர், வெளிப்பெட்டியைத் தரையிலோ மாடியின் தளத்திலோ, நின்று எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். செப்புக்குழாய்க்குச் சிறிது கூடுதலாகச் செலவாகும். ஆண்டுதோறும் சர்வீஸ் செய்ய வருபவரின் உயிரையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அது இயலாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியிலிருந்து விலக்குங்கள். மூச்சின்றிக் கிடந்தால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுகிறார் என்றாலும் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. தோலில் பயறளவு தெரியும் காயம் உள்ளே தசைவரை போயிருக்கக்கூடும். இதயத் துடிப்பும் தடுமாறக்கூடும். மேலிருந்து விழுந்தவராயின் கழுத்தை அசைக்காமல் கிடத்தி வையுங்கள்.

மெக்கானிக் வந்த பிறகு

வருபவரைக் கண்காணிப்பது அவமதிப்பன்று. ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்பது அடிக்கடி கேட்கும் சொல். பெட்ரோல்போல எரிந்து தீரும் பொருளன்று அது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் நிரப்பினால், அடுத்த சித்திரையில் அதே செலவு மீண்டும் வரும். இயந்திரத்தின் பக்கவாட்டுப் பட்டையில் வாயுவின் பெயரும் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். அதே வாயுவைத் தராசில் நிறுத்து நிரப்பச் சொல்லுங்கள். பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22, ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்பதால், 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. புதியவற்றில் உள்ள ஆர்-32 சற்றே தீப்பற்றக்கூடியது. சில இயந்திரங்களில் உள்ள ஆர்-290 என்பது புரோப்பேன், சமையல் எரிவாயுவின் உடன்பிறப்பு. ஆகவே வாயு கசிந்த ஐயம் இருந்தால் நோயாளியை வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து வையுங்கள். அறையில் விளக்கேற்றுவதும் ஊதுவத்தி கொளுத்துவதும் கூடா.

இன்னொன்றை மருத்துவமனை என்ற முறையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது முறை. அதற்கு உலர்ந்த நைட்ரஜனையே பயன்படுத்தவேண்டும். சிலர் எளிதில் கிடைக்கிறது என்று ஆக்சிஜனை ஏற்றிவிடுகிறார்கள். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமேறிய ஆக்சிஜன் எண்ணெயைச் சந்தித்தால் வெடிக்கும். செப்புக்குழாயைப் பற்றவைக்கும்போது நெருப்புக்காக ஆக்சிஜன் கொண்டுவருவது வேறு. குழாய்க்குள் ஏற்றுவது வேறு. நைட்ரஜன் சிலிண்டர் சாம்பல் நிறம், ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு. நோயாளிக்காக வீட்டில் வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரை ‘அஞ்சு நிமிஷம் கொடுங்க’ என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தச் சிலிண்டர் இருக்கும் அறையில் பற்றவைப்பு வேலையே நடக்கக் கூடாது.

மின்சாரமே இல்லாத நாள்களைப் பற்றியும் இம்மாவட்டத்தார்க்குச் சொல்லவேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரைகடந்தபோது சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்தப் பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆயிற்று. அத்தகைய காலத்தில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். நீண்ட தடைக்குப் பின் மின்சாரம் வரும்போது, முதலில் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். அளவுமீறிப் பிரகாசித்தாலோ மங்கி மினுங்கினாலோ மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்; குளிர்சாதனத்தின் பிளக்கை அதுவரை மாட்டவேண்டா.

எவ்வளவு குளிர் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் 2020 முதல் விற்கப்படும் நட்சத்திரக் குறியிட்ட அறைக் குளிர்சாதனங்கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்குமாறு எரிசக்தித் திறன் செயலகம் விதித்திருக்கிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு 24 முதல் 26 வரை வைத்து, மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டால் போதும். பதினெட்டில் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், அவ்வளவே. இராயவரம், கடியாபட்டிப் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் முற்றமும் செய்யும் வேலையைப் பார்க்கையில், கான்கிரீட் பெட்டிக்குள் நாம் ஏன் குடியேறினோம் என்று தோன்றாமலில்லை. மேற்கு வெயில் விழும் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது இன்றும் எவர்க்கும் இயலும்.

தந்தைக்கு அன்றிரவே உடலைக் குளிர்வித்துச் சலைன் ஏற்றினோம். மறுநாள் மாலை கண்விழித்து மகனைத் தேடினார். மகனின் கட்டு ஆறு வாரங்களில் பிரிக்கப்பட்டது. அடுத்த பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். தந்தையின் அறைக் கதவின் உட்புறத்தில் மருமகள் ஒரு நாள்காட்டி மாட்டி, வடிகட்டி கழுவும் நாள்களை வட்டமிட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதன் கீழே இரண்டு தொலைபேசி எண்கள் எழுதியிருக்கின்றனவாம்: ஒன்று மெக்கானிக்குடையது, மற்றொன்று, கதவைத் திறந்து பார்த்த பக்கத்து வீட்டாருடையது.